ஏட்டு இரசாயனமும் பாத்தி உப்பும்

சென்னையினின்று புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர் மரக்காணத்தை அணுகுங்கால் ஒரு புதுமையான வேளாண்மையைக் காண்பர். வரப்புகள் உண்டு, பாத்திகள் உண்டு, நீர் பாய்ச்சுவாரும் உண்டு, பயிர் மட்டும் இல்லை. அங்கு விளைவது உப்பு. சிறுபாணாற்றுப்படையிற் பேசப்படும் எயிற்பட்டினம் இப்பகுதியிலேயே இருந்ததென அறிஞர் கருதுவர். இவ்வூர்ப் பூமீசுவரர் ஆலயத்துச் சோழர் காலக் கல்வெட்டுக்கள் உப்பளங்களைக் குறிப்பிடுகின்றன. பிற்காலத்தே ஆந்திரக் கடற்கரையினின்று வெட்டப்பெற்ற பக்கிங்காம் கால்வாயும் தெற்கே இவ்வூரளவும் வந்து முடிந்தது. ஆகவே ஆயிரம் ஆண்டுகட்குக் குறையாமல் இம்மண்ணில் உப்பு எடுக்கப்பட்டு வருகிறதென்று கூறுதல் மிகையாகாது.

உப்பெடுத்தலாவது யாது? பல பொருள்கள் கரைந்து கிடக்கும் ஒரு நீரினின்று ஒரே பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் தொழில். அதற்கு இரசாயனம் என்பதே பெயர். இவ்வாறாயின், நம் நாட்டின் மிகப் பெரிய இரசாயனச் சாலைகளுள் ஒன்று மரக்காணத்தில் கூரையின்றி, சுவரின்றி, சூரியனையே அடுப்பாகக் கொண்டு நடைபெறுகிறது. அதன் அருகேயுள்ள உயர்நிலைப் பள்ளிகளில் அதே சாஸ்திரம் ஏட்டின் வாயிலாகக் கற்பிக்கப்படுகிறது. இரண்டுக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லை. இப்பிரிவு எங்ஙனம் நேர்ந்தது, இதனால் விளையும் கேடு யாது, இதனை நீக்குவதெவ்வாறு என்பவற்றைப் பற்றி என் கருத்தைச் சொல்லவே இக்கட்டுரை எழுதலுற்றேன்.

சில ஆண்டுகட்கு முன், இரசாயன வகுப்பிற் புதிதாகச் சேர்ந்த மாணாக்கரை நோக்கி, “இச்சாஸ்திரத்தில் நீங்கள் முதன்முதல் கற்றது என்ன?” என்று வினவினேன். அமிலம் என்றார் ஒருவர்; அணு என்றார் மற்றொருவர். மரக்காணத்தையடுத்த சிற்றூரினின்று வந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, தெரிந்ததைத் தேர்வில் எழுதக்கூடாது என்பதைக் கற்றேன்” என்றார். வகுப்பு நகைத்தது. பின்னர் அவரைத் தனியே அழைத்துக் கேட்டேன். அவர்தம் அன்னையார் உப்பளத்தில் வேலை செய்பவர். பள்ளித் தேர்வொன்றில், கடல்நீரினின்று உப்பு எவ்வாறு பெறப்படுகிறது என்ற வினா வந்தது. இவர், “பாத்தி நீரை முழுதும் வற்ற விடலாகாது, உப்பு இறங்கியபின் எஞ்சிய நீரை வெளியே விட்டுவிட வேண்டும், இல்லாவிடில் உப்புக் கசக்கும், மழைக்காலத்தில் நீராய்க் கசியும்” என்று எழுதினார். விடைக்குறிப்பில் இருந்ததோ, கடல்நீர் ஆவியானபின் எஞ்சுவது உப்பு என்னும் ஒரு வரி. விடை அடிக்கப்பட்டது. அவ்வாசிரியரைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. விடைக்குறிப்பு அவர் கையைக் கட்டியிருந்தது. ஆயினும் உண்மையை எழுதிய பிள்ளைக்குச் சுழியமும், அரைகுறையை ஒப்பித்த பிள்ளைக்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்தன என்பதை நாம் மறத்தலாகாது.

அம்மாணவர் எழுதியது எத்துணை உண்மை என்பதைச் சிறிது பார்ப்போம். ஒரு லிட்டர்க் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றுள் நாம் உண்ணும் சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். எஞ்சியவை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவற்றின் உப்புக்கள். நீர் சுண்டச் சுண்ட இவையெல்லாம் ஒருங்கே படிவதில்லை. கரைதிறனுக்கேற்ப ஒன்றன்பின் ஒன்றாகவே வெளிப்படும். முதலிற் சுண்ணாம்புச் சத்துப் படியும். பின்னர் ஜிப்சம் இறங்கும். நீர் தன் பழைய அளவிற் சற்றேறக்குறையப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, போமே அளவையில் 25 டிகிரியை எட்டும்போது சமையலுப்பு மணி கட்டத் தொடங்கும். 29 டிகிரியைக் கடந்தாலோ, மக்னீசிய உப்புக்களும் உடன் சேர்ந்து கசப்பை விளைவிக்கும். மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை ஈர்த்து உப்பை நீர்க்கச் செய்யும். ஆதலின் நீரைத் தேக்குவதும், பாத்தி விட்டுப் பாத்தி மாற்றுவதும், உப்பை வாரியபின் கசப்பு நீரை விலக்குவதுமே இத்தொழிலின் உயிர்நிலை. 1849-இல் உசிக்லியோ என்னும் விஞ்ஞானி மத்தியதரைக் கடல்நீரைச் சிறிது சிறிதாகச் சுண்டவைத்து, எப்பொருள் எந்நிலையில் படிகிறதென்று அளந்து வெளியிட்டார். அவ்வட்டவணை இன்றும் சாஸ்திர நூல்களில் எடுத்தாளப்படுகிறது. அவர் எண்ணாற் கண்டதை நம் அளத்தார் கண்ணாலும் நாவாலும் முன்னமே கண்டிருந்தனர். அளங்களிற் டிகிரி பார்க்கும் மானியும் உப்பினின்று பிறந்ததே. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருந்தாளராகிய அந்துவான் போமே, நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்புக் கரைந்த நீரில் மானி நிற்கும் இடத்தை 15 என்று குறித்தே தம் அளவுகோலை வகுத்தார்.

இனி, ஏடு பாத்தியை மறந்த வரலாற்றைப் பார்ப்போம். தமிழில் இரசாயனப் புத்தகம் எழுதும் முயற்சி மிஷன் ஊழியத்தினின்றே தொடங்கியது என்பது நம்மனோர்க்குப் பெருமை தருவதாகும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகம் நாடி ஊரை விட்டுச் செல்லக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். அவரும் அவர்தம் மாணாக்கரும் ஆக்கிய தமிழ் மருத்துவ நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. அவ்வரிசையில், வெல்ஸ் என்னும் அமெரிக்கரின் நூலைத் தழுவி, 1875-இல் நாகர்கோயிலில் அச்சேறியதே ‘கெமிஸ்தம்’. சொல்லாக்கத்தில் கிறீன் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்: முதலில் தமிழ்ச் சொல்லைத் தேடு; கிடையாவிடில் வடசொல்லைப் பார்; அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழொலியில் எழுது. அவர் தமிழை நாடியது புலமைக்காகவன்று. கற்றவன் கற்ற ஊரிலேயே பயன்பட வேண்டும் என்பதே அவர் கருத்து. இக்கருத்தைப் பின்வந்தோர் முழுமையாகக் கைக்கொண்டிருப்பாராயின், இக்கட்டுரைக்கு இடமிராது.

ஆனால் நடந்தது வேறு. நம் உயர்நிலைப் பள்ளிகளில் இரசாயனம் ஆங்கில நூல்களின் வாயிலாகவே வேரூன்றியது. இங்கிலாந்தில் அக்காலத்து ஆசிரியர்கள் மிக நல்ல வழியைக் காட்டியிருந்தனர். மைக்கேல் பாரடே 1860-61ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையிற் சிறுவர்களைக் கூட்டி, ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு, அதன் சுடரினின்றே இரசாயனத்தின் அடிப்படைகளை விளக்கினார். ரோஸ்கோ 1872-இல் வெளியிட்ட சிறு பாலபாடமும் மெழுகுவர்த்தியை எரித்தே தொடங்கியது. லண்டன் சிறுவன் ஒவ்வொருவன் வீட்டிலும் மெழுகுவர்த்தி இருந்தது. நாள்தோறும் கண்டதைக் கொண்டு காணாததை விளக்கலாமென்பதே அவ்வாசிரியர்களின் நோக்கம். நாம் செய்ததென்ன? மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டோம், அதைக் கையிலெடுத்த காரணத்தை அங்கேயே விட்டுவிட்டோம். அகல்விளக்கன்றி வேறறியாத குப்பத்துப் பிள்ளைக்குப் பள்ளியில் மெழுகுவர்த்தி காட்டப்பட்டது. பல பள்ளிகளில் அதுவும் காட்டப்படவில்லை. மெழுகுவர்த்தியின் படம் காட்டப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஆம்ஸ்ட்ராங் என்னும் இரசாயனப் பேராசிரியர், மாணாக்கன் தானே சோதித்துக் கண்டறிய வேண்டும் என்று இங்கிலாந்தில் வாதாடினார். அவ்வாதத்தின் எதிரொலி நம் பள்ளிகளில் மிக மெல்லியதாகவே கேட்டது.

அடுத்து எழுந்தது பெயர்ப் போர். 1916-இல் இராஜகோபாலாச்சாரியார் சேலத்தில் நண்பர்களுடன் கூடித் தமிழ்ச் சாஸ்திரச் சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டார். 1930களில் உயர்நிலைப் பள்ளிகளிற் தாய்மொழி வாயிலாகக் கற்பிக்கும் கொள்கை வலுப்பெறவே, சொல்லின் தேவை பெருகியது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் அரிதின் முயன்று 1938-இற் கலைச்சொற்கள் நூலை வெளியிட்டனர். 1940-இற் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசாங்கம் அமைத்த குழு, தமிழ்ச் சொற்களை ஒதுக்கி வடமொழியையும் ஆங்கிலத்தையும் சார்ந்து நிற்குமோ என்ற அச்சம் எழுந்து, பெருங்கிளர்ச்சி விளைந்தது. பிராணவாயுவா, உயிர்வளியா, ஆக்சிஜனா என்னும் வழக்கு இன்றளவும் முற்றிலும் ஓய்ந்தபாடில்லை. இப்போரில் உழைத்த பெரியோரை யான் இழித்துரைப்பேனல்லேன். சொல்லின்றிச் சாஸ்திரம் நடவாது. ஆனால் சொல்லுக்காகச் செலவிட்ட சிந்தையிற் பாதியேனும் பொருளுக்காகச் செலவிட்டோமா? உப்பைச் சோடியம் குளோரைடு என்பதா, வேறு பெயரிடுவதா என்று வாதிட்ட நாம், அவ்வுப்பு எவ்வாறு இறங்குகிறதென்று போய்ப் பார்க்க மாணாக்கனை ஒருநாள் அனுப்பினோமா?

இதில் ஒரு வியப்பும் உண்டு. சொல்லுக்குச் சங்கம் கண்ட அதே இராஜாஜிதான் 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியினின்று நடந்து சென்று வேதாரணியக் கடற்கரையில் உப்பெடுத்துச் சிறை புகுந்தார். அவரே எளிய தமிழிற் பொதுமக்களுக்காகத் ‘திண்ணை இரசாயனம்’ என்னும் நூலையும் எழுதினார். சொல், உப்பு, இரசாயனம் ஆகிய மூன்றும் ஒரே மனிதர் கையிற் கூடியிருந்தன. ஆயினும் நம் பள்ளிக்கூடத்தில் அவை கூடவில்லை.

சுதந்தரத்திற்குப் பின் நூல்கள் பெருகின. 1970-இற் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தோன்றியது. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களிற் படங்களும் பயிற்சிகளும் செறிந்துள்ளன. இரசாயனம் என்னும் பெயரும் வேதியியல் என்றாயிற்று. தாளும் அச்சும் விலையும் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. ஏழைப் பிள்ளைக்கும் புத்தகம் இலவசமாகக் கிடைக்கிறது. இது பெரும் பேறு. எனினும் குமரி முதல் சென்னை வரை ஒரே புத்தகம், ஒரே வினாத்தாள், ஒரே விடைக்குறிப்பு என்னும் ஏற்பாட்டில் ஒரு தவிர்க்கவொண்ணாத குறை உண்டு. எல்லா ஊருக்கும் பொதுவான புத்தகம் எந்த ஊரையும் அறியாத புத்தகமாகிறது. கரைதிறன் பெருக்கத்தைப் பன்னிரண்டாம் வகுப்பில் வாய்பாடாகக் கற்கும் மரக்காணத்துப் பிள்ளை, அது தன் தாய் நாள்தோறும் மிதிக்கும் பாத்தியில் நிகழ்வதென்று அறிவதில்லை. அத்தாயும், தன் தொழிலே தன் பிள்ளையின் பாடம் என்று அறிவதில்லை.

‘இதனால் என்ன நஷ்டம்? பிள்ளைகள் தேர்ச்சி பெறுகின்றனரே’ என்று சிலர் கேட்கக்கூடும். நஷ்டம் இருவகைத்து. முதலாவது, சாஸ்திரத்துக்கு. பிரான்சு தேசத்து மோன்பெலியே நகரில் பாலார் என்னும் இருபத்துமூன்று வயது இளைஞர், 1826-இல், அவ்வூர் உப்பளங்களில் உப்பெடுத்தபின் வீசப்படும் கசப்பு நீரை ஆராய்ந்தார். அதிற் குளோரின் வாயுவைச் செலுத்தியபோது செம்பழுப்பு நிறமுடைய, கடுநாற்றம் வீசும் ஒரு பொருள் பிரிந்தது. அதுவே புரோமின் என்னும் தனிமம். அதே போன்ற நீர்மத்தைப் பெற்றிருந்த பேரறிஞர் லீபிக், அதனை வேறொரு சேர்மமென்று எண்ணிப் பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்துவிட்டு, பிற்பாடு வருந்தினார் என்பர். தம் ஊர் நீரைக் கூர்ந்து நோக்கிய இளைஞர் வென்றார். சீட்டை நம்பிய மேதை தோற்றார். மரக்காணத்துக் கசப்பு நீரும் ஆண்டுதோறும் வீணே வடிகிறது. அதன் கரையில் வளரும் பிள்ளைகளுள் ஒரு பாலார் இலர் என்று யார் சொல்லவல்லார்?

இரண்டாவது நஷ்டம் உயிருக்கு. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் மரக்காணத்தையடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவ ஊரில், மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்திப் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் அவ்வாறே மாண்டனர். எத்தனால், மெத்தனால் ஆகிய இரண்டின் வாய்பாடும் பள்ளிப் பாடத்தில் உள்ளன. மெத்தனாலை நாவாலும் மூக்காலும் இனங்காண இயலாது, அது உடலிற் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைக் கெடுத்து உயிரைப் பறிக்கும் என்பதைக் குப்பத்துக்குக் கொண்டுசேர்க்கும் பள்ளி எங்கே? வறுமையும் பேராசையும் விளைத்த கொலைக்குப் புத்தகத்தை மட்டும் பொறுப்பாக்குதல் நேர்மையன்று. ஆயினும் தேர்வறையோடு முடிந்துவிடும் அறிவு, வேண்டும் வேளையில் வீட்டுக்கு வாராது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

என் கருத்துக்கு ஒரு தடை எழும் என்பதை அறிவேன், அது புறக்கணிக்கத்தக்கதன்று. ‘உப்பளத்துப் பிள்ளைக்கு உப்பளத்தையே கற்பிப்பது, அவனை அங்கேயே கட்டிவைக்கும் தந்திரமன்றோ?’ என்பர். 1953-இல் முதலமைச்சராயிருந்த இராஜாஜி, பள்ளி நேரத்தைக் குறைத்துப் பிள்ளைகள் எஞ்சிய வேளையிற் குடும்பத் தொழிலைப் பழகலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதனைக் குலக்கல்வி என்று நாடு எதிர்த்தது. 1954-இல் அவர் பதவி விலக, காமராசர் காலத்தில் அது கைவிடப்பட்டது. எதிர்த்தது முற்றும் நியாயமே. கண் கூச, கால் வெடிக்க, மழை மாதங்களில் வேலையின்றி வாடும் தொழிலாளி, தன் பிள்ளை அளத்துக்கு வெளியே வாழ வேண்டும் என்று விரும்புவதில் என்ன குற்றம்? யான் வேண்டுவது வேறு. அளத்து வேலையை அளத்தார் பிள்ளைக்குப் பழக்குக என்று சொல்லவில்லை. அளத்தின் சாஸ்திரத்தை எல்லார் பிள்ளைக்கும் கற்பிக்குக என்கிறேன். தாசில்தார் மகளும், வணிகர் மகனும், உப்பு வாருவார் பிள்ளையும் ஒரே வரப்பில் நின்று டிகிரி பார்க்கட்டும். அன்று அவர்களுள் மிகுதியாக அறிந்தவன் யார் என்பது வகுப்புக்குத் தெரியவரும். தன் வீட்டறிவு பள்ளியில் மதிக்கப்படக் கண்ட பிள்ளையே சாஸ்திரத்தில் மேற்செல்லும் துணிவு பெறுகிறான். அவன் அளத்தை விட்டு வெளியேற வழியும் அதுவே.

ஆகவே, செய்யத்தக்கவை சிலவற்றைச் சுருங்கக் கூறுகிறேன். மழை நீங்கி உப்பு விளையும் மாதங்களில், கடற்கரைப் பள்ளி ஒவ்வொன்றும் ஒன்பதாம் வகுப்பாரை மூன்று நாளேனும் அளத்துக்கு அழைத்துச் செல்லுக. நீர் புகும் வாயிலினின்று கசப்பு நீர் வடியும் வாயில்வரை, ஒவ்வொரு பாத்தியிலும் மானியை மிதக்கவிட்டுக் குறித்துக்கொள்க. ஒவ்வொன்றினின்றும் ஒரு புட்டி நீரெடுத்துப் பள்ளிக்குக் கொணர்ந்து, குளோரைடுக்கு வெள்ளி நைட்ரேட்டும், சல்பேட்டுக்குப் பேரியம் குளோரைடும் கொண்டு சோதிக்க. விலையுயர்ந்த கருவி ஒன்றும் இதற்கு வேண்டுவதில்லை. அளத்து வேலையில் முதிர்ந்த ஒருவரை அம்மூன்று நாளும் ஆசிரியராகக் கொண்டு, அவர் இழக்கும் கூலியை ஈடுசெய்து, பிள்ளைகள் அவரை ஐயா என்றும் அம்மா என்றும் அழைத்துக் கேட்கச் செய்க. பொதுத் தேர்வில் ஒரு வினாவேனும், மாணாக்கன் தானே தன் ஊரிற் கண்டதை எழுதுமாறு அமைக. அதற்கு ஒரே விடைக்குறிப்பு இல்லாதிருக்க. மரக்காணத்துக்குப் பாத்தி இருப்பதுபோல, ஆம்பூருக்குத் தோல்பதனிடும் தொட்டியும், சிவகாசிக்குத் தீக்குச்சியும், திருப்பூருக்குச் சாயமும் உள்ளன. அவ்வவ்வூர்ப் பள்ளிகள் அவ்வவற்றை நாடுக.

இவற்றுள் எதற்கும் அரசாங்க ஆணைக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. நம் இரசாயனப் பகுதியார் அறுபது பக்கத்தில் ஒரு சிறு கைந்நூல் எழுதலாம். பழைய மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒரு பள்ளிக்கு ஒரு மானி வாங்கியளிக்கலாம். இப்போது பயிலும் மாணாக்கர் விடுமுறையில் ஒரு வாரத்தைக் கடற்கரைப் பள்ளிகளுக்கு ஈயலாம். கிறீன் துரை கடல் கடந்து வந்து, அயல்மொழி கற்று, நாலாயிரம் பக்கம் எழுதினார். நமக்கோ மொழியும் நம்முடையது. கடலும் நம் வாயிலிலேயே உள்ளது.

சாரமிழந்த உப்பைப் பற்றிய வேத உவமையை நம் ஆலயத்திற் பலகாலும் கேட்டிருக்கிறோம். தூய உப்பு தன் சாரத்தை இழவாது. கலப்புள்ள உப்பில் மழைநீர் பட்டால், எளிதிற் கரையும் உப்பு கரைந்தோடி, ஜிப்சமும் மண்ணும் எஞ்சும். நிறம் பெரிதும் மாறாது, சுவை இராது. நம் பள்ளி இரசாயனமும் இன்று ஏறக்குறைய அந்நிலையில் உள்ளது. வாய்பாடும் வரையறையும் எஞ்சின, சாரம் கரைந்தோடிற்று. அதனை மீண்டும் சேர்க்கும் வழியைத் தம் தேர்வுத்தாளில் எழுதிச் சுழியம் பெற்ற அம்மாணவர், பின்னர் நம் கல்லூரியிலேயே இரசாயனத்திற் சிறப்புறத் தேறினார். இப்போது அவர் ஒரு பள்ளியில் ஆசிரியர். சென்ற ஆண்டு தம் வகுப்பை அளத்துக்கு அழைத்துச் சென்றதாகவும், வரப்பில் நின்று பாடம் சொன்னவர் தம் அன்னையாரே என்றும் எனக்கு எழுதியிருந்தார்.